சின்ன அப்பா

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பும் வரிசையில் மூன்று மணி நேரம் ஊர்ந்தபின் திருமாறனின் காருக்கு முறை வந்தது. எல்லைக் காவலர் குனிந்து பின்னிருக்கையைப் பார்த்தார்.

"குழந்தை யாரு?"

"என் பொண்ணு" என்று சொல்லிவிட்டான். அண்ணன் மகளை வேறு மாதிரிச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. பாஸ்போர்ட்டிலோ நிறைமதி செழியன் என்று அண்ணன் பெயர் இருந்தது. விசா கிடைக்காமல் எட்டு மாதமாக அந்தப் பக்கமே தங்கிவிட்ட செழியன், குழந்தையை அழைத்துப்போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தைத் திருமாறன் தேடினான். சட்டைப்பையில் இல்லை. இருக்கைக்கு அடியில் இல்லை.

காவலர் குழந்தையிடமே கேட்டார்.

"இவரை எப்படிக் கூப்பிடுவ?"

"சித்தப்பா."

"அப்படின்னா?"

நிறைமதி கொஞ்சம் யோசித்தாள்.

"சின்ன அப்பா."

காவலர் சிரித்துவிட்டார். திருமாறனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்போ பெரிய அப்பா எங்க?"

அவள் திரும்பி, பின்கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"அங்க. நீங்கதான் விடமாட்டேங்கிறீங்களாமே."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பாஸ்போர்ட்டுகள் இன்னும் காவலர் கையிலேயே இருந்தன.