சல்சாவுக்கு ஒரு துணை

"ஹனிமூனுக்கு வந்த இடத்துல, ராத்திரியெல்லாம் அம்மா ரூம் கதவைத் தட்டி, மாத்திரை போட்டியா, தண்ணி குடிச்சியான்னு கேட்டுக்கிட்டு இருந்த ஆம்பளை உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் ஜெயப்ரியா.

ராஜா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

"அம்மாவுக்கு பி.பி. இருக்குல்ல?"

"இருக்கும். நல்லாத் தூங்குறவங்களை எழுப்பி எழுப்பிக் கேட்டா யாருக்கும் வரும்."

இருவரும் கடற்கரை மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். சற்று முன்னால் மாமியார் சாரதாம்பாளும் சுந்தரமூர்த்தி மாமாவும் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜாவின் கண் முழுக்க அங்கேதான்.

முதலில் பேச்சு அடிபட்டது அந்தமான். கப்பலும் ஆகாது, விமானமும் ஆகாது, அம்மாவுக்குத் தலை சுற்றும் என்று தீர்ப்புச் சொல்லிக் காரைக்காலைக் கண்டுபிடித்தவன் ராஜா. அங்கிருந்து சொந்த ஊர் கும்பகோணத்துக்கு நினைத்த நேரத்தில் பஸ் உண்டாம். தேனிலவுக்கு இடம் தேடும்போது பஸ் வசதியைப் பார்த்த பெருமை அவனையே சேரும்.

குறை சொல்லக்கூடாது. கருக்களாச்சேரி தாண்டி இருந்த அந்த விடுதியில் கடல் இருந்தது, தென்னை இருந்தது. கீழவாஞ்சூர்த் துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் கொஞ்சம் நிலக்கரித் தூசியும் இலவசமாக வந்தது. மாமாவின் வெள்ளைச் சட்டை முதல் நாளே சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. அதற்கும் அவர் சிரித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர்.

திடீரென்று தென்னைகளுக்கு நடுவிலிருந்து மேளமும் ஊதுகுழலுமாக ஒரு பாட்டு எழுந்தது.

"என்ன இது, யாரையாவது எடுக்குறாங்களா?" என்றான் ராஜா.

எட்டிப் பார்த்தார்கள். மணலில் ஒரு பெரிய தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு ஸ்பீக்கர், ஏழெட்டு ஜோடிகள். பூப்போட்ட சட்டையும் அரைக்கால் டிரவுசருமாக ஒரு பெரியவர் நடுவில் இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. நான் அஜ்மீர். உள்ளூருதான். பாரீஸ்ல ரொம்ப வருஷம் வேலை. லீவுக்கு வந்தா வீட்ல சும்மா இருக்க முடியல. இது சல்சா டான்ஸ். ஜோடி ஜோடியா ஆடணும்."

"சல்சான்னா சிப்ஸுக்குத் தொட்டுக்குற சட்னிதானே?" என்றான் ராஜா.

"அதுவும் சல்சாதான் தம்பி. அதைச் சாப்பிடலாம், இதை ஆடலாம். முன்னாடி ஒரு எட்டு, பின்னாடி ஒரு எட்டு. கூட ஆடுறவங்க கண்ணைப் பார்க்கணும், காலைப் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான் வித்தை."

சாரதாம்பாளின் முகம் மலர்ந்தது. "நாமளும் ஆடிப் பார்ப்பமா?" என்றாள்.

மாமா அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார்.

"அம்மா, உன் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்று ராஜா குறுக்கே போய் நின்றான்.

"என் முழங்காலை நான் பார்த்துக்குறேன் ராஜா."

"கீழ விழுந்தா யாரு தூக்குறது? சரி, ஆசைப்படுற. வா, நானே பிடிச்சுக்குறேன்."

சொன்னபடியே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாயில் ஏறினான். ஜெயப்ரியா மாமாவோடு பாயின் கரையில் நின்றாள். மாமியாரின் கைப்பை மாமாவின் தோளில் தொங்கியது.

ராஜா ஆடியது சல்சா என்று அஜ்மீரே சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். வழுக்கும் குளத்துப் படியில் இறங்குகிறவனைப் போல ஒவ்வொரு காலாக வைத்தான். சாரதாம்பாளுக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. அவள்தான் அவனை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண் ராஜாவைப் பார்க்கவில்லை. அடிக்கடி கரைப் பக்கமே வந்து போனது.

"உங்களுக்குக் கோவமே வராதா மாமா?" என்றாள் ஜெயப்ரியா.

"வரும்மா. வந்து என்ன செய்ய? சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு அம்மாதான் எல்லாம். சட்டுனு விடுன்னா எப்படி விடுவான்? மெதுவா வரட்டும்."

"அதுக்குள்ள லீவு முடிஞ்சு போயிடும்."

மாமா சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு கண் வரை எட்டவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். ஜெயப்ரியாவுக்கு மனசு என்னவோ செய்தது.

பாட்டு நின்றது. ஜோடிகள் கை தட்டினார்கள். ராஜா மட்டும் அம்மாவின் கையை விடவில்லை. "அடுத்த பாட்டுக்கும் நான்தான்மா" என்றான்.

அஜ்மீர் அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேராக அவனிடம் வந்தார்.

"தம்பி, கோச்சுக்காதீங்க. கும்பகோணத்துலேர்ந்து ஹனிமூன் பார்ட்டி வந்திருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கல்யாணப் பொண்ணைக் கரையில நிக்க வச்சிட்டு அம்மாகூட ஆடுறீங்களே, ஞாயமா? போங்க, போய் அந்தப் பொண்ணு கையைப் பிடிங்க."

எல்லோரும் ஜெயப்ரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் என்று ஒரு பெண் முணுமுணுத்தது கூடக் கேட்டது.

ஜெயப்ரியா மாமாவின் தோளிலிருந்து கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவரை மெல்லப் பாயின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணு நான் இல்லீங்க, எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு" என்றாள். "போன வாரம் மாலை மாத்திக்கிட்டது எங்க அத்தையும் இந்த மாமாவும்தான், அவங்களைத் தனியா ஹனிமூனுக்கு அனுப்ப மனசு வராம, இவருதான் என்னையும் இழுத்துக்கிட்டுத் துணைக்கு வந்திருக்காரு."