அளவு நூல்

மோதிரம் பாதி விரல் வரைக்கும் போனது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

மாப்பிள்ளை உதயகுமார் திருகிப் பார்த்தான். பெண் காவேரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியே இந்தப் பக்கம் பாத்து சிரிங்க சார்" என்றார் போட்டோக்காரர், நிலைமை புரியாமல்.

உதயகுமாரின் அம்மா புவனேஸ்வரி மகனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். செவிலிமேட்டுச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் கண்ணும் அந்த ஒற்றை விரல் மேல்தான் இருந்தது.

"என்னா, ஏறலையா?" காவேரியின் பெரியம்மா காந்தா நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். "ஏன் சம்பந்தியம்மா, எங்க பொண்ணுக்கு எடுத்தீங்களா, தொட்டில் கொழந்தைக்கு எடுத்தீங்களா?"

கூடத்தில் சிரிப்பு.

"பொண்ணு விரல்ல சுத்திக் கட்டிக் குடுத்து வுட்டீங்களே, அந்த நூல் அளவுக்குத்தாம்மா எடுத்தோம்" என்றாள் புவனேஸ்வரி.

"நூலு சரியாத்தான் இருந்திருக்கும். தங்கம் விக்கிற வெலையில நீங்கதான் கொஞ்சம் இழுத்துப் புடிச்சிட்டீங்க போலக்கீது!"

புவனேஸ்வரியின் கணவர் சபாபதிக்கு அது பொறுக்கவில்லை. நெசவுக்காரர் அல்லவா, நேராக நூலுக்கே போய்விட்டார்.

"இருங்கம்மா. அளந்தது நீளவாக்குல ஓடற பாவு நூல்லயா, குறுக்கால ஓடற ஊடை நூல்லயா? ஊடைன்னா முறுக்கு இருக்காதே! இழுத்துக் கட்டி அவுத்தா சுருங்கிடும்."

"எங்க பொண்ணுக்குப் பாவுக்கும் ஊடைக்கும் வித்தியாசம் தெரியாதா சம்பந்தி?" என்று காவேரியின் அப்பா ராமலிங்கம் வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நல்ல முறுக்குன பாவு நூலு. என் தறியில இருந்தே எடுத்தது."

கூடத்தில் பாதிப் பேர் தறிக்காரர்கள். ஆளுக்கொரு கட்சி சேர்ந்துகொண்டார்கள். மோதிரம் மட்டும் விரல் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

புவனேஸ்வரிக்கு நகைக்கடை கண்முன் வந்தது.

கையில் இருந்தது நெய்த கூலியில் மிச்சம் பிடித்த காசு. அவள் ஆசைப்பட்டது பூ வைத்த மோதிரம். "உங்க பட்ஜெட்டுக்கு இது வராதும்மா. அப்படி ஓரமா கம்பி மோதிரம் இருக்குது பாருங்க" என்றார் கடைக்காரர்.

நிச்சயத்துக்குக் கம்பி மோதிரமா? ஜனங்க என்ன பேசும்? வேறு வழியில்லாமல் கம்பி மோதிரத்துக்கே அளவு பார்க்கச் சொல்லி, காவேரி அனுப்பியிருந்த நூல் வளையத்தை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் அதை அளவுக் குச்சியில் மாட்டினார். அது மெல்லிய நுனியிலேயே நின்றுவிட்டது.

"அட, பொண்ணு விரல் இவ்ளோ ஒல்லியா? அப்ப தங்கம் கம்மியாத்தான் புடிக்கும். நீங்க கேட்ட பூ மோதிரத்தையே எடுத்துக்கலாமே!"

காமாட்சி கோயில் இருந்த திசையைப் பார்த்து அங்கேயே ஒரு கும்பிடு போட்டாள் புவனேஸ்வரி. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இப்போது சபையில் தலைகுனிவு.

அவமானம் மெல்லக் கோபமாகி மருமகள் பக்கம் திரும்பியது. விரலை அளந்து அனுப்பு என்று சொன்னால் அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. பி.காம். படித்தவளாம்! நாளைக்கு இவள் எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறாள்?

அதற்குள் காவேரி மோதிரத்தை உருவி, தன் சுண்டு விரலில் தானே மாட்டிக்கொண்டாள்.

"பெரிம்மா, இப்ப இதான் ட்ரெண்டு. நீ போன்ல ஒண்ணும் பாக்கறதில்லையா?"

"என்னா ட்ரெண்டோ, கண்றாவி!" என்று முனகியபடி காந்தா போய் உட்கார்ந்தாள்.

எப்படியோ தட்டு மாற்றி, பந்தியும் போட்டாயிற்று. பாயசம் வரும் வரைக்கும் சம்பந்திகள் இருவரும் நூலைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவப் பின்பக்கம் வந்த காவேரியைப் புவனேஸ்வரி மடக்கினாள்.

"நாளைக்கே கடையில குடுத்து அதைப் பெருசு பண்ணிட்டு வந்துடறேம்மா. மனசுல எதுவும் வெச்சிக்காதே. ஆனா ஒண்ணு சொல்றேன், அளக்கறப்ப நீயும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். சபையில எனக்கு எவ்ளோ அசிங்கமாப் போச்சு தெரியுமா?"

காவேரியின் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க அத்தை. இப்படி ஆவும்னு நான் நெனைக்கவே இல்ல. பெருசெல்லாம் பண்ண வேணாம். அதுக்கும் தங்கம் சேக்கணுமே! நீங்க காசுக்குக் கஷ்டப்பட்டுக்கினு இருக்கறதை அவர் போன்ல சொன்னாரு. அதான்..."

"அதான்?"

காவேரி யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு சுண்டு விரலை ஆட்டிக் காட்டி, அத்தையின் காதருகே குனிந்தாள்.

"நூலை இந்த விரல்லதான் சுத்தினேன். சபையில நீட்டுனதும் இதைத்தான். உங்க புள்ளைதான் பதட்டத்துல பக்கத்து விரலைப் புடிச்சிக்கினாரு!"