ஃபிளாஸ்க்கில் வந்த வைன்

ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். கொத்தமல்லி மணத்தது.

முதலில் விளங்கவில்லை. மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

கொத்தமல்லிதான். அதோடு இஞ்சி. வைனின் மணம் எங்கோ அடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய கணவர் கண்விழித்துக் காத்திருந்தார்.

கொஞ்ச நாளாக அவரால் எதையும் விழுங்க முடியவில்லை. தண்ணீர்கூடப் புரைக்கேறியது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேற்றுத் தாதி மரியோன் அவளை ஓரமாக அழைத்து, விருப்பமானது எதையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து நாக்கில் தடவலாம் என்றாள். கோப்பி, பழச்சாறு, எது என்றாலும்.

வைன்கூடத் தரலாமாம். இந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அதெல்லாம் மருந்து மாதிரித்தான்.

வைன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

எந்தப் போத்தல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

ரோன் நதிப் பக்கத்து வைன் கூடமொன்றில்தான் அவருடைய காலம் போனது. தொட்டி கழுவத் தொடங்கியவர், எந்தத் திராட்சை வைன் எவ்வளவு என்று கலவை பார்க்கிற மேசைவரை போய்விட்டார். ஒரு வருடம் முதலாளி அவர் பக்கம் திரும்பி, "குணா, நீ சொல்லு" என்றாராம். மூர்வெத் திராட்சை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இவர் சொன்னாராம். அப்படியே கலந்தார்களாம். அந்த வருடத்தின் கடைசிப் போத்தல் அது.

அன்று வேலையால் வந்ததும் அவளுக்கு வகுப்பே எடுத்தார்.

கிரெனாஷ் திராட்சைதான் சோறு. சிரா அதற்கு மிளகு. மூர்வெத் மட்டும் கொஞ்சம் குழப்படிக்காரன்.

"மழையில நனைஞ்ச தோல்செருப்பு மாதிரி ஒரு வாசம். குடிக்க வேண்டாம். ஒருக்கா மணந்து பாருமன்."

"செருப்பை மணக்கிறதுக்கோ நான் பிரான்சுக்கு வந்தனான்?"

மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகும் அவர் கிளாஸை நீட்டும்போதெல்லாம் அப்படித்தான் போனாள். அவர் ஒருநாளும் தள்ளாடியதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் குடிகாரன் பெண்சாதி என்று பெயர் எடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

இன்று காலை போத்தலைக் கையில் எடுத்ததும் பஸ் நினைவுக்கு வந்தது.

கோயில் சனம் ஏறுகிற பஸ் அது. புருஷன் சாகக் கிடக்கிறான், இவள் போத்தலோடு போகிறாள் என்று கதை கட்டிவிடுவார்கள்.

ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள்.

தடிமன், இருமல் பிடித்தால் அவருக்கு இஞ்சி தட்டிப்போட்ட மல்லித்தண்ணி கொடுத்துவிடுகிற அதே ஃபிளாஸ்க். கொதிநீர் விட்டு நன்றாகத்தான் அலம்பினாள். மூடியின் ரப்பரில் மணம் தங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை.

காற்றுப் பட்டால் வைன் கெட்டுப்போகும் என்று அவர் சொன்னது மட்டும் எப்படியோ மனதில் நின்றிருந்தது. அதனால் ஃபிளாஸ்க்கில் கொள்ளாததைச் சிங்க்கில் கவிழ்த்தாள். வெறும் போத்தலைத் தெருவோரக் கண்ணாடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அழுகை முட்டியது. இந்த மனிசனுக்கென்று செய்யக் கடைசியாக ஒரு காரியம் கிடைத்தது. அதையும் கெடுத்தாயிற்று.

மரியோன் எங்கிருந்தோ வைன் கிளாஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன. முசியே குணா தானே கலந்த வைன் வருகிறது என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"என்ன நிறம்!" என்று கிளாஸை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

நிறம் நன்றாகத்தான் இருந்தது.

சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொல்லி என்ன செய்ய? கடையில் வேறு போத்தல் வாங்கலாம். அந்த வருடத்தை வாங்க முடியாது.

அவருடைய வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

குச்சியை நனைத்தாள். நாக்கின் நுனியில் தடவினாள்.

அவர் கண்ணை மூடினார். கன்னம் மெல்ல அசைந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவர் அப்படித்தான் செய்வார். ஒரு மிடற்றை வாய்க்குள் உருட்டி, யாரும் பேசக்கூடாது என்று விரலைத் தூக்குவார். இப்போதும் போர்வையின் மேல் விரல் சற்று எழுந்தது.

பிறகு புருவம் சுருங்கியது.

உதடு அசைந்தது. பல நாட்களாக வராத குரல்.

"கொத்தமல்லி."

ருசி விஷயத்தில் அவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

"என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" மரியோன் அவள் தோளைப் பிடித்தாள்.

அவருடைய தொழிலில் அவளுக்கு ஞாபகம் இருந்த ஒரு சொல்லைச் சொன்னாள்.

"மூர்வெத்."

மரியோன் கைதட்டினாள். மற்றவர்களுக்குச் சொல்ல ஓடினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. கோபமா, சிரிப்பா என்று அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பார்வை மட்டும் அவளிலிருந்து கிளாஸுக்குப் போனது. திரும்ப அவளிடம் வந்தது.

இன்னும் வேண்டும் என்கிறாரோ?

குச்சியை எடுத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அவள் குச்சியை வைத்துவிட்டுக் கிளாஸை மூக்கருகே தூக்கினாள். கண்ணை மூடினாள். கொத்தமல்லிக்கும் இஞ்சிக்கும் கீழே, நனைந்த தோல்செருப்பைத் தேடினாள்.

அவர் விரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது.