தவளைக்கு மைக் கிடையாது

மகள் மேடைப் படியில் கால் வைத்ததுமே மைக்செட்காரரின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

பள்ளி ஆண்டு விழா. பேச்சுப் போட்டி. அரங்கத்தின் கடைசியில், தன் பெட்டிகளுக்கும் ஒயர்களுக்கும் நடுவில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கின் கழுத்தில் ஒரு சிவப்பு வளையம் எரிந்தது. இவர் இங்கே சுவிட்சைத் தட்டினால் வளையமும் அணையும், குரலும் போகும்.

ஊருக்கே தொண்டையை வாடகைக்கு விடலாம், அப்படிப்பட்ட மனிதர். அவர் "ஹலோ, ஹலோ" என்று மைக்கைச் சோதித்தால் மூன்று தெரு தள்ளித் தூங்கும் நாய் எழுந்து உட்கார்ந்து, "யாரு, என்னையா?" என்று கேட்கும். அப்பேர்ப்பட்டவர் ஒரு வருஷமாக வீட்டில் காற்றாகத்தான் பேசினார்.

மகளுக்கு வந்தது என்னவோ வெறும் தொண்டைக் காய்ச்சல்தான். அது போன சில நாட்களில், ஒரு காலையில், அவள் படுக்கையிலிருந்து வேறொரு பிள்ளை எழுந்து வந்தாள். இரண்டு கண்களும் ஓயாமல் படபடவென்று சிமிட்டின. கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. தோல் உரியும்வரை கை கழுவினாள். அம்மா அடுத்த அறைக்குப் போனாலே அலறினாள்.

"கிருமியை அடிக்கக் கிளம்பின உடம்பு, ஆள் தெரியாம மூளையைப் போட்டு அடிச்சிருக்கு," என்றார் டாக்டர். "சரியாயிடும். ஆனா அப்பப்ப எட்டிப் பார்க்கும். இன்னொரு காய்ச்சல் வந்தாலும் கிளம்பும், மனசுல அழுத்தம் ஏறினாலும் கிளம்பும்."

மைக்செட்காரரின் தொழிலில் எந்தத் தொல்லையும் சத்தமாகத்தான் வரும். அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னதும் அவர் வீட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

குக்கரின் விசிலைப் பிடுங்கிப் பரணில் போட்டார். மிக்ஸியைப் போர்வை சுற்றி அரைக்கச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கைஜாடையில்தான். அதிலும் மனைவியே ஜெயித்தாள். பல்லிக்குக் கத்தத் தோன்றினால் வெளியே போய்க் கத்திவிட்டு வந்தது.

மருந்தாலோ மௌனத்தாலோ, பிள்ளை தேறினாள். நடுவில் பள்ளியில் பரீட்சை என்றார்கள். கண்கள் மறுபடி படபடக்க ஆரம்பித்து, அடங்க வாரக்கணக்கானது. அன்றிலிருந்து பரீட்சை, போட்டி, மேடை என்ற சொற்களே அவருக்கு ஆகாது.

அந்தப் பிள்ளைதான் தானாகப் போய்ப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"வேணாம்னு நீயாவது சொல்லேன்," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"பேசட்டும் விடுங்க. பஞ்சுல சுத்தி பீரோவுல பூட்டி வைக்கவா பெத்தோம்?"

சரியென்று தலையாட்டினார். ஆனால் உள்ளுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். கண் சிமிட்ட ஆரம்பித்தால் உடனே சுவிட்சைத் தட்டிவிடுவது. ஒயரில் கோளாறு என்று சொல்லி அவளை இறக்கிவிடுவது. பழி ஒயருக்குப் போகும். பிள்ளைக்கு அவமானம் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பேசப்போறது தவளையைப் பத்தி."

முன்வரிசையில் ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான்.

அவள் கண்கள் சிமிட்டின. ஒருமுறை. மறுபடி. படபடவென்று. கழுத்து லேசாக வெட்டியது.

கட்டைவிரல் அமுங்கியது. சிவப்பு வளையம் அணைந்தது.

மகள் மைக்கைப் பார்த்தாள். பிறகு அத்தனை தலைகளையும் தாண்டி, நேராக அவரைப் பார்த்தாள்.

அவர் சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்து, இல்லாத கோளாறைத் தேட ஆரம்பித்தார்.

"தவளைக்கு மைக் கிடையாது!"

மேஜையில் தலை இடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அது ஸ்பீக்கரில் வந்த குரல் இல்லை.

"ஆனா அது கத்தினா ஊருக்கே கேக்கும்!"

கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கூரைப் புறாக்கள் மூட்டை முடிச்சோடு அடுத்த ஊருக்குக் குடிபோயின. களுக்கென்று சிரித்த பொடியனின் சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தது. பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் சத்தியமான உண்மை.

அவருக்கு அந்தத் தொண்டையை நன்றாகத் தெரியும். அவருடையதுதான்.

அரங்கம் கைதட்டியது. பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. மகள் ஒயர்களைத் தாண்டித் தாண்டி அவரிடம் வந்து நின்றாள்.

"ஒயர்ல ஏதோ..." என்று காற்றாக ஆரம்பித்தார்.

"பொய்ப்பா. நீங்கதான் அமத்தினீங்க."

அவர் தன் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"எனக்கு வர மாதிரிதான் இருந்துச்சுப்பா. கழுத்தெல்லாம் இறுக்கிப் பிடிச்சுது. அப்ப லைட்டு அணைஞ்சுதா? பார்த்தா நீங்க மேஜைக்கு அடியில போறீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்படியே எல்லாம் விட்டுப்போச்சு."

அவர் ஒளித்து வைத்த கட்டைவிரலை மெல்ல முன்னால் கொண்டுவந்தார்.

"இனிமே வீட்டுல சத்தமா பேசுங்கப்பா. நீங்க கிசுகிசுன்னு பேசினாத்தான் எனக்குத் திக்குங்குது. ஏதோ ஆகப்போகுதுன்னு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு வருஷம் பூட்டியிருந்த கதவு. "ஹலோ," என்றார். கரகரத்தது. "ஹலோ!"

வெளியே எங்கோ ஒரு நாய் பதில் கொடுத்தது.

மகளின் கண் சிமிட்டியது. அவர் கட்டைவிரல் தானாகவே சுவிட்சைத் தேடிப் போனது.

சிமிட்டியது ஒரு கண் மட்டும்தான்.