எட்டாம் வாய்ப்பாடு

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை.

எதிரே மாப்பிள்ளை வீட்டார். பக்கத்தில் அப்பா. ஓட்டல் ஏ.சி. ஹாலில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இப்போது வழக்கம். பிடிக்காவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் கலைந்துவிடலாம்.

இரண்டு வீட்டிலும் ஜாதகம் எழுதியதில்லை. பெயர்ப் பொருத்தம் பார்த்தாயிற்று. மிச்சம் பிறந்த தேதி மட்டும்.

அங்கேதான் ஒவ்வொரு முறையும் கவிழும்.

அவள் பதினேழாம் தேதி பிறந்தவள். ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு ஆகாது. எட்டு, பதினேழு, இருபத்தாறு, மூன்று தேதிகளும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். வண்டி நம்பரில் கூட்டுத்தொகை எட்டு வந்தாலே பணம் கட்டி மாற்றுகிற ஊரில் பெண்ணை யார் எடுப்பார்கள்?

அவள் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பார்த்தார் அப்பா. பெயர்தான் நீண்டது. வயதும் முப்பத்துமூன்றாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். போன வாரம் ஆறாம் வகுப்பில் எட்டாம் வாய்ப்பாட்டைப் பலகையில் எழுதினாள். ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டச் சொன்னாள்.

எட்டு. பதினாறு, அது ஏழு. இருபத்துநான்கு, அது ஆறு. பிள்ளைகள் ராகம் போட்டு இறங்கினார்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

எட்டு தேயும் என்று ஊர் சொல்வது இதைத்தான். பொய்யில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"அடுத்து என்ன வரும்?"

"முட்டை, டீச்சர்!"

முட்டை வரவில்லை. எழுபத்திரண்டு வந்தது. ஏழும் இரண்டும் ஒன்பது.

ஊர்க்காரர்கள் அந்த வரி வரைக்கும் போவதேயில்லை.

"பொண்ணு என்ன தேதிங்க?" என்றாள் பையனின் அம்மா.

"பதினெட்டு," என்றார் அப்பா. மேஜைக்கடியில் அவர் கால் ஆடியது.

"அட! எங்க தயாளனுக்கு இருபத்தேழு. ரெண்டு பேருமே ஒன்பதாம் நம்பர்!"

அப்பா மூச்சு விட்டார்.

அவ்வளவுதான். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கல்யாணம்.

அப்புறம் வருஷாவருஷம் பதினெட்டாம் தேதி கேக் வெட்ட வேண்டும். முந்தின நாளே அப்பா போன் செய்து ரகசியமாய் வாழ்த்துவார். ஆதார் அட்டையைப் புடவைக்கு நடுவே ஒளித்து வைக்க வேண்டும்.

நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது. துணிச்சல் என்றெல்லாம் சொல்ல முடியாது. அலுப்புதான்.

"பதினேழுங்க," என்றாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பையனின் அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அப்படி இழுத்தால் கிளம்பப் போகிறார்கள் என்று அர்த்தம்.

தயாளன் நிமிர்ந்தான். நன்றாகத் தூங்கி நாளான முகம். அம்மாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவளை.

"எனக்கும் இருபத்தேழு இல்லைங்க," என்றான். "அதுக்கு முந்தின நாள்."