அத்தைகிட்ட சொல்லு

அக்காவை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தபோது, வாசற்படியில் உட்கார்ந்து என் மகனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மீசை நரைக்கத் தொடங்கிய மகன், அசையாமல் கையை நீட்டியிருந்தான். வேறு யாரிடமும் நீட்டமாட்டான்.

"செஞ்ச பாவத்தைக் கழுவுறா" என்பார்கள் உறவுக்காரர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. கர்ப்பமாக இருந்தபோது அங்கே பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் செந்தடிப்புமாக இருந்தது. அவளுக்கும் வந்து போனது.

மகன் பேசவேண்டிய வயதில் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கர்ப்பத்தில் வரும் இந்த மாதிரி வைரஸ் காய்ச்சல் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம், ஆனால் இதனால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. லீவு போடாமல் வேலைக்குப் போய்த் தானே பிள்ளையைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி, சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பிள்ளையைத் தூக்கக்கூட இல்லை.

அப்போதுதான் அக்கா வந்தாள்.

"நீ கொண்டுவரலை. உனக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி நான் இங்க வந்து தங்கினேனே, அப்பவே எனக்கு உடம்பு அனலா இருந்துச்சு. மாத்திரையைப் போட்டுக்கிட்டு மறைச்சுட்டேன்."

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். அக்காவை வாயில் வந்தபடி திட்டினாள். பிறகு பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு, தான் சாகும்வரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் வருவதை நிறுத்தவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் மனைவி அந்தப் பேசாத பிள்ளையிடம் சொல்வாள்.

"அத்தைகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

"அத்தைகிட்ட சொல்லு, மழை வருது, குடை எடுத்துக்கட்டும்."

அக்கா போன துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, அக்காவின் கணவரிடம் அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"காய்ச்சலா, அவளுக்கா?" என்றார் மாமா. "கல்லுக்குண்டு மாதிரி இருந்தா, தம்பி. 'பாவம், தன்னைத்தானே அரிச்சுக்கிட்டுக் கிடக்கா. கோபப்பட ஒரு ஆள் வேணும், நான் இருந்துட்டுப் போறேன்'னா. வெளியே சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

படத்தில் இருந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மனைவியும் இல்லை, அக்காவும் இல்லை. பசித்தாலும், மழை வந்தாலும், என் மகன் தெளிவாகச் சொல்வது ஒன்றுதான்: "அத்தைகிட்ட சொல்லு."