ஒரு வரித் தமிழ்

அப்பா ஒவ்வொருவரிடமும் அவளைக் காட்டினார்.

தியேட்டர் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவைகளுக்கு மேல் தடித்த கோட்டுகள். டோலிடோ தமிழ்ச் சங்கத்திலிருந்து முப்பத்தெட்டுப் பேர் மதியக் காட்சிக்கு வந்திருந்தார்கள்.

நர்ஸ் வேஷம் என்றார் அப்பா. மூன்று காட்சி. கடைசிக் காட்சியில் தமிழ் பேசுகிறாள்.

அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

காலையில் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது, அவளுக்கு வேஷம் பிடித்துத் தரும் ஏஜெண்ட் ஃபோனில் கூப்பிட்டிருந்தாள். படம் நீளமாகிவிட்டது. மூன்று காட்சியையும் வெட்டிவிட்டார்கள். வருத்தம்தான், அடுத்ததில் பார்க்கலாம்.

காரில் வரும்போதே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தாள்.

அவர் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். அம்மா போன பிறகு அவர் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை.

சிவசைலம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இந்த ஊர்க் கண்ணாடி ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரே மகள் கோமதி நடிக்கப் போகிறேன் என்று லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பியபோது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

பதினோரு வருடம் ஆயிற்று.

ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் ஒன்பது வாரம் வரவேற்பு மேசை. துப்பறியும் தொடர்களில் டாக்ஸிக்காரன் மனைவி, மருந்துக்கடைக்காரி. இரண்டு தடவை பிணம். பிணமாக வந்ததைக்கூட அப்பா பதிவு செய்து வைத்திருந்தார். மூச்சே தெரியாமல் நன்றாகப் படுத்திருந்தாய் என்று ஃபோனில் பாராட்டினார்.

இந்தப் படத்தில்தான் பேச ஏதோ இருந்தது.

சாகக் கிடக்கும் கிழவரின் பக்கத்தில் நர்ஸ் உட்காருகிறாள். தன் அம்மா செத்த கதையைச் சொல்கிறாள். எந்தக் கதையைச் சொல்வாய் என்று இயக்குநர் கேட்டபோது அவள் தன் சொந்த அம்மா செத்ததைத்தான் சொன்னாள். கடைசியாக அம்மா பேசியதை மட்டும் தமிழிலேயே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கினாள்.

அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்த நேரம் அப்பா அறையில் இல்லை.

ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலை விட்டு அசையாதவர், அந்த நேரம் இல்லை.

ஆறு வருடமாக அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல வராததைத் திரையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஃபோனில் அப்பாவிடம் விவரம் சொன்னாள். படம் எந்த மாதம் வரும் என்று மட்டும் கேட்டார்.

விளக்குகள் அணைந்தன.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வரும்போதெல்லாம் அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வேறு இடம் வந்ததும் பின்னால் சாய்ந்துகொண்டார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் வெளிச்சம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவரின் கட்டில் வந்தது.

இங்கேதான் அவள் உள்ளே வர வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும்.

நாற்காலி காலியாகவே இருந்தது. ஒரு பெண்ணின் கை மட்டும் ஓரத்திலிருந்து வந்து குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனது.

அடுத்தது கல்லறை.

பின்வரிசையில் யாரோ கிசுகிசுவென்று எதையோ கேட்டார்கள். தெரியவில்லையே என்று இன்னொரு குரல்.

அப்பா எழுந்து நின்றார்.

“பாத்தியளா? அந்தக் கை. எம் பொண்ணு கை.”

முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

அது அவளுடைய கை அல்ல. கை மட்டும் தெரியும் ஷாட்டுகளை எடுத்த அன்று அவள் ஸ்டுடியோவுக்கே போகவில்லை.

படம் முடிந்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். சங்கச் செயலாளரின் மனைவி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, திரையில் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது என்றாள். அப்பா அவசரமாக, விளக்கு வெளிச்சம் அப்படி என்றார்.

கார்க் கண்ணாடி முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. உள்ளே உட்கார்ந்தால் வெளியே எதுவும் தெரியவில்லை.

அப்பா வண்டியைக் கிளப்பாமல் இருந்தார்.

“கை நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார். “யாரு கையோ.”

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அம்மா சொன்னதச் சொல்லு, கோமு. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

செட்டில் ஒன்பது தடவை சொன்ன வரி. ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை.

இப்போது முதல் எழுத்தே வரவில்லை. பிறகு சொன்னபோது அவள் குரலாகவே இல்லை. மெலிந்து, மூச்சு பாதியில் நின்று, அம்மாவின் குரலாக இருந்தது.

“அப்பாவ எங்கட்டி?”

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்ப்பா.”

அப்பா மெல்லத் தலையாட்டினார். சாவியைத் திருகினார். வைப்பர் ஒரு முறை போய் வந்தது. துடைத்த இடத்தில் தியேட்டர் சுவர் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே, பக்கத்தில் இருந்தவளிடம் அல்லாமல் வேறு யாரிடமோ சொல்வதைப்போலச் சொன்னார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக் காப்பி மெஷின் முன்னால நாலு பேரு நின்னாவ.”